வேலை ஓய்ந்த மாதத்தில் ஓடாதீர்கள்: காண்ட்ராக்ட் மேஸ்திரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் பூச்சு வேலை நின்றுவிடும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைக்கிற சுவர் ஈரக்காற்றில் இறுகாது. ஆத்தங்குடித் தரைக்கல் வார்ப்பவர்களுக்கும் வெயில் வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் புதிதாக வீடு கட்டத் தொடங்க மாட்டார்கள். பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம் என்றாலோ, சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பங்காளிகள் எல்லோரும் ஒத்துக்கொண்டு பணம் அனுப்ப வேண்டும். ஆக, சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிற மேஸ்திரிக்கு வருஷத்தில் சில மாதம் கை சும்மாதான் இருக்கும்.

அரசாங்கத்தில் ஏதாவது கிடைக்குமா என்று கிளம்புவது அப்போதுதான். காரைக்குடியில் பல வருஷமாக இவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். நிறையப் பேர் வேலை இருந்தபோது செய்து வைத்திருக்க வேண்டியதை, வேலை ஓய்ந்த பிறகு செய்ய வருகிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சொந்தமாகத் தொழில் செய்கிறவருக்கு 'வேலை இல்லாத நாளுக்கு இவ்வளவு' என்று கொடுக்கும் திட்டம் இங்கே இல்லை. மாநில அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். அது வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு காத்திருக்கும் படித்தவர்களுக்கானது. அதற்கு விண்ணப்பிப்பவர் சுயதொழிலும் செய்யக் கூடாது. கையில் கரண்டி பிடிக்கிற மேஸ்திரி, வேலையே இல்லை என்று அதில் எழுதிக் கொடுப்பது பொய்யான உறுதிமொழி. வேண்டாம்.

நமக்கென்று இருப்பது தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம். பிள்ளைகள் படிப்பு, திருமணம், பிரசவம், விபத்து, இறப்பு, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் என்று அதில் உதவிகள் உண்டு. சும்மா இருக்கிற மாதத்துக்குப் பணம் தராது. ஆனால் அந்த மாதத்தில் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் வந்து நிற்கும்போது, கடன் வாங்கும் தொகையைக் கொஞ்சம் குறைக்கும்.

இதில்தான் பெரிய தவறு நடக்கிறது. கட்டுமானத் தொழிலாளியாகப் பதிய, முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 90 நாள் அந்த வேலை பார்த்திருக்க வேண்டும், பணிச்சான்றும் வேண்டும். கூலிக்குப் போகிறவருக்கு மேஸ்திரி கையெழுத்துப் போடுவார். மேஸ்திரிக்கு யார் போடுவது? கார்த்திகை மாதம் இந்தக் கேள்வியோடு வந்து உட்கார்ந்தால், வேலை கொடுத்த வீட்டுக்காரர் ஊரில் இருக்க மாட்டார். அதனால் ஒரு வீட்டை முடித்துச் சாவி கொடுக்கும் அன்றைக்கே, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்ன வேலை செய்தீர்கள் என்று அவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கிய சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். வேறு என்ன காகிதம் வேண்டும் என்று வாரிய அலுவலகத்தில் நேரடியாகக் கேட்கும்போது இவை ஒரு பிடிமானம். தொழில் என்ற இடத்தில் 'காண்ட்ராக்டர்' என்று கௌரவத்துக்கு எழுதாதீர்கள். கொத்தனாராக வேலை செய்தால் கொத்தனார் என்றே எழுதுங்கள். வேலையே செய்யாமல் ஆள் மட்டும் அனுப்புகிறவர் இதில் சேர நினைப்பது சரியில்லை.

அட்டை வாங்கியதோடு மறந்துவிடுவது அடுத்தது. பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். என் சித்தப்பா கானாடுகாத்தானில் எத்தனையோ வீட்டுச் சுவரைக் கண்ணாடி மாதிரி இழைத்தவர். வாரிய அட்டையை லேமினேட் செய்து டிரங்குப் பெட்டியில், பத்திரத்துக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தபோது காலாவதியாகி இரண்டு வருஷம். அதுகூடப் போகட்டும். ஆதார் எடுக்க வந்தபோது பிறந்த தேதி தெரியாமல் உத்தேசமாக ஒரு வருஷத்தைச் சொல்லியிருக்கிறார். அதன்படி அவருக்கு 60 முடிந்துவிட்டது. புதுப்பிக்கவும் முடியவில்லை, ஓய்வூதியமும் கேட்க முடியவில்லை. அந்த அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை. 55 வயதைத் தாண்டியவர்கள் இன்றைக்கே அட்டையில் இருக்கும் தேதியையும் ஆதாரில் இருக்கும் வயதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இ-ஷ்ரம் அட்டை இருக்கிறது, அதனால் வாரியப் பதிவு வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அது 2021 ஆகஸ்டில் மத்திய அரசு அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய பதிவு. இது வேறு, அது வேறு. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் பதிவுக் கட்டணம் கிடையாது. ஆயிரம் கொடு, முடித்துத் தருகிறேன் என்கிற இடைத்தரகரை நம்பாதீர்கள்.

செட்டிநாட்டுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் கிடக்கின்றன. புதுக்கோட்டை மாவட்டத்து ராயவரத்தில் குடியிருந்து கொண்டு காரைக்குடியில் வேலை பார்ப்பவர், வேலை பார்க்கும் ஊரை நினைத்துச் சிவகங்கைக்குப் போய் அலைகிறார். விலாசம் எந்த மாவட்டமோ, அந்த மாவட்டத்துத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் விரல். வருஷக் கணக்கில் சுண்ணாம்பில் ஊறிய விரலில் ரேகை தேய்ந்திருக்கும். இ-சேவை மையத்தில் கருவி மேல் வைத்து வைத்து எடுப்பார்கள், எண்ணெய் தடவுவார்கள், துடைப்பார்கள், பதியாது. பின்னால் வரிசை நிற்கும். மனிதர் கூசிப்போய் எழுந்து வந்துவிடுவார். ஆதாரில் இப்போது நீங்கள் வைத்திருக்கும் செல்பேசி எண் இருந்தால் ஓடிபியிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். எண் மாறியிருந்தால் ஆதார் மையத்தில் மாற்றுங்கள். விரல் பதியாவிட்டால் கண் விழியைப் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

கையில் பணமில்லாத மாதத்தில், உங்கள் சொந்தப் பணம் அரசாங்கத்திடம் கிடக்கலாம் என்பதையும் பாருங்கள். பழைய வீடுகளை ஹோட்டலாக நடத்தும் கம்பெனிக்கு வேலை செய்தால், ஒரு பில் 30,000 ரூபாயைத் தாண்டும்போது வருமான வரிக்காக முன்கூட்டியே 1 சதவீதம் பிடிப்பார்கள், அதுதான் டிடிஎஸ். 5 லட்ச ரூபாய் வேலைக்கு 5,000 ரூபாய். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். வருஷ வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லையென்றால், வருமான வரிக் கணக்கு (ரிட்டர்ன்) தாக்கல் செய்தால் பிடித்த தொகை திரும்பி வரும். தாக்கல் செய்யாவிட்டால் வராது.

வங்கிக் கணக்கைச் சுத்தமாக வழித்து எடுக்காதீர்கள். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கு வருஷத்துக்கு 20 ரூபாய்தான். மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாக எடுப்பார்கள். அன்றைக்கு அதில் 20 ரூபாய் இருக்க வேண்டும்.