அட்டப்பாடி ஊர்களில் மூத்தோர் வாக்குமூலம் எழுதும் முறை

கேரளத்தின் மலைப்பகுதியான அட்டப்பாடியில், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி விறகு, தேன், கிழங்கு, மேய்ச்சல் ஆகியவற்றுக்குச் சமூக உரிமை கோரும் பழங்குடி ஊர், அதற்கான விண்ணப்பமாகிய பி படிவத்துடன் ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளை வைக்க வேண்டும். பழைய காகிதம் எதுவும் இல்லாத ஊருக்கும் கைகொடுப்பது மூத்தோர் வாக்குமூலம். உரிமை கோருபவரே அதைச் சொல்லக் கூடாது என்பதால், பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூத்தவரிடம் நேரடியாக வருடம் கேட்காதீர்கள்; கீழுள்ள நிகழ்வுகளை வைத்து நீங்களே கணியுங்கள். அட்டப்பாடி 1956 வரை சென்னையின் ஆளுகையில் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1949இல் வந்த சென்னைச் சட்டம் தனியார் காடுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. 1971 மே 10 முதல் ஜன்மிகளின் (பெருநிலக்கிழார்களின்) காடுகள் கேரள அரசுக்குச் சேர்ந்தன. 1984இல் பக்கத்திலுள்ள சைலன்ட் வேலி காடு தேசியப் பூங்காவானது. "ஜன்மி இருந்த காலம்", "கொத்துக்காடு (காட்டைக் கொத்திப் பயிரிடும் சாகுபடி) நின்றுபோன வருஷம்" என்று பாட்டி சொன்னால், அது இவற்றில் எதற்கு முன், எதற்குப் பின் என்று விசாரித்துப் பொருத்துவது உங்கள் வேலை.

நான் எழுதிய முதல் வாக்குமூலத்தில் "காட்டில் கிழங்கு எடுத்தோம்" என்று ஒரே வரிதான் இருந்தது. கள ஆய்வுக்கு வந்தவர்கள் எந்தக் காடு என்று கேட்டபோது விழித்தேன். மறுநாள் அந்தப் பாட்டியுடனே நடந்தேன். ஓடையைத் தாண்டியதும் அவர் குனிந்து, காய்ந்த நூரை என்ற காட்டுக் கிழங்கின் கொடியைப் பிடித்துக்கொண்டே போய், அது மண்ணில் இறங்கும் இடத்தைக் குச்சியால் தட்டிக் காட்டி, கிழங்கின் தலைப்பகுதியைத் திரும்பப் புதைத்தால்தான் அடுத்த வருஷமும் கிடைக்கும் என்றார். ஓடையின் பெயர், மாதம், போனவர்கள் எத்தனை பேர், கிடைத்தது எத்தனை கூடை, அது வீட்டுக்கா சந்தைக்கா, எப்போது தடுக்கப்பட்டது என்று அத்தனையும் எழுதுங்கள்.

விறகுக் கட்டுக்கு அபராதம் கட்டிய ரசீது இருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அதை மட்டுமே காரணமாக்கிக் கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்த விதிகள் கூறுகின்றன. என்னைக் கேட்டால், அந்தத் தேதியில் அவர் அந்தக் காட்டில் இருந்தார் என்று எதிர்த்தரப்பே எழுதிக்கொடுத்த சாட்சியம் அது.

இருளர் பேச்சில் சொன்னதைச் செந்தமிழாக்கிவிடாதீர்கள். மலையாள மொழிபெயர்ப்பைத் தனியே இணையுங்கள். ஊருக்கூட்டத்தில் ஊர்த் தலைவரான மூப்பன் முன்னிலையில் உரக்கப் படித்து, திருத்தம் சொன்னால் திருத்தி, கைநாட்டு வாங்கி, நகல் எடுத்த பிறகே கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். கிராம சபையின் தீர்மானம் பாதகமாக அமைந்தால், உட்கோட்டக் குழுவிடம் 60 நாட்களுக்குள் முறையிடலாம்; அப்போது அந்த நகல் தேவைப்படும்.