பழைய கான்கிரீட்டைப் பார்க்கக் காலையில் போங்கள்

சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து டவுன்டவுன் ரயில் பாதையில் புரோமனாட், அங்கே சர்க்கிள் பாதைக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் நிக்கல் ஹைவே. அருகில்தான் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் (1973), கடைகளும் வீடுகளும் சேர்த்துக் கட்டிய கான்கிரீட் கட்டடம். அதன் படிப்படியாகச் சரியும் பக்கம் நிக்கல் நெடுஞ்சாலையை நோக்கியது. பீச் ரோட்டில் நின்றால் அது தெரியாது. மதியத்துக்குமேல் அந்தப் பக்கம் நிழலாகிவிடும், படம் மங்கும்.

2006இல் நாடாளுமன்றத்தில் இதைச் 'செங்குத்துச் சேரி' என்றார் ஒரு நியமன உறுப்பினர். 2021இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமானது. இரண்டிலும் நியாயம் உண்டு: வடிவம் அபாரம், பலருக்குப் பிரித்து விற்றதால் பராமரிப்பு சீரழிந்தது. புதுப்பிப்பு வேலை நடக்கும்போது வேலிக்கு வெளியிலிருந்தே பாருங்கள்.

இப்படியொரு கட்டடத்துக்குள் நுழைய ஆசையா? சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ். கடைகளுக்கு நடுவிலுள்ள முற்றத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். மேலே வீடுகள், அங்கே ஏறாதீர்கள். அதே காலத்துப் பேர்ல் பேங்க் அடுக்குமாடியைத் தேடவேண்டாம், இடித்துவிட்டார்கள்.