திருகோணமலை வெக்கைக்குள் சிபியு கூலர் மாற்றும்போது

கணினியின் புரொசசரிலிருந்து (சிபியு) சூட்டை வெளியேற்றுவதுதான் கூலரின் வேலை. வழக்கமான எந்தக் கூலரும் புரொசசரை அறைக் காற்றைவிடக் குளிர வைக்காது. கச்சான் வீசும் மாதங்களில் திருகோணமலையில் மத்தியானம் அறைக்குள் 33, 34 பாகை சர்வசாதாரணம். 22 பாகை ஏசி அறையில் 70 காட்டும் கூலர், இங்கே அதே வேலைக்கு 80க்கு மேல் காட்டும். வாங்க முன்னரே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

கொழும்பிலிருந்து கூரியரில் எடுப்பவர்கள் சொக்கெட்டை, அதாவது தாய்ப்பலகையில் (போர்ட்டில்) புரொசசர் உட்காரும் இடம் எந்த வகை என்பதை, முதலில் உறுதிப்படுத்துங்கள். இன்டெல்லின் எல்ஜிஏ 115x வரிசையிலும் 1200இலும் கூலர் பூட்டும் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீற்றர், 1700இல் 78. பழைய பிராக்கெட் (கூலரைப் போர்ட்டில் பூட்டும் சட்டம்) 1700 போர்ட்டில் உட்காராது. ஏஎம்டியின் ஏஎம் 4, ஏஎம் 5 சொக்கெட்டுகள் இரண்டுக்கும் துளை அளவு ஒன்றுதான். ஆனால் ஏஎம் 5இல் போர்ட்டின் பின்பக்கம் உள்ள பின்தகட்டைக் கழற்ற முடியாது. தன் பின்தகட்டோடு மட்டுமே பூட்டக்கூடிய கூலர் அதற்குச் சரிவராது. 120 மில்லிமீற்றர் ஃபேன் வைத்த டவர் கூலர்கள் பெரும்பாலும் 155 முதல் 160 மில்லிமீற்றர் உயரம், ஆகவே கேசிங்கின் உள் இடத்தையும் அளந்து பாருங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த வீடென்றால் நிக்கல் பூசிய கூலரே நல்லது. வெறும் செம்பு உப்புக்காற்றில் கறுத்துப் பச்சை பிடிக்கும். 65 வாட் புரொசசருக்குத் தண்ணீர்க் கூலர் வீண் செலவு.

கழற்ற முன் கணினியைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். புரொசசருக்கும் கூலருக்கும் இடையே சூட்டைக் கடத்தப் பூசிய பழைய பேஸ்ட் சூட்டில் இளகும். பிறகு நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். இன்டெல் புரொசசரோடு பெட்டியில் வரும் கூலரின் நான்கு முளைகளையும் அம்புக்குறிப் பக்கம் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுக்க வேண்டும். ஏஎம் 4 என்றால் நேராக இழுக்கவே கூடாது. இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி விட்ட பிறகுதான் தூக்க வேண்டும். இல்லையென்றால் சொக்கெட்டின் லிவர் பூட்டியிருக்கும்போதே புரொசசர் கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அதன் அடியிலுள்ள பின்கள் வளையும்.

பழைய பேஸ்ட்டைத் துடைக்க 90 வீதத்துக்கு மேலான ஐசோபுரோப்பைல் அல்கஹோல் போதும். கைக்குப் பூசும் சானிடைசர் வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் படலமாகத் தங்கிவிடும். நெற்றி வியர்வை போர்ட்டில் சொட்டாமல் பக்கத்தில் ஒரு லேஞ்சியும் இருக்கட்டும்.

புதுப் பேஸ்ட் நடுவில் 4, 5 மில்லிமீற்றர் அகலப் பொட்டாக இருந்தால் போதும். நீள்சதுரமான 1700க்கு நீளவாக்கில் ஒரு கோடு இடலாம். கூலரின் அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டீர்களா என்று இன்னொருமுறை பாருங்கள். கூலரை நேராக இறக்குங்கள். இடையில் தூக்க நேர்ந்தால் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். பழையதன் மேலேயே வைத்தால் காற்றுக் குமிழ் மாட்டும். ஸ்குரூக்களை மூலைக்கு மூலை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்றாக, தானாக நிற்கும்வரை இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் தட்டு சாய்ந்துவிடும்.

ஃபேனில் குறுக்குச் சட்டம் தெரியும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். அந்தப் பக்கம் கேசிங்கின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். ரேம் தட்டினால் ஃபேனைச் சற்று மேலே உயர்த்திக் கொளுவலாம், கேசிங் மூடி இடிக்காவிட்டால் சரி. வயரை ‘சிபியு ஃபேன்’ என்று எழுதிய இடத்திலேயே செருகுங்கள். மாறிப்போனால் பல போர்ட்டுகள் பிழைச்செய்தி காட்டி அங்கேயே நின்றுவிடும்.

பிறகு புரொசசருக்கு முழுச் சுமை கொடுக்கும் சினிபெஞ்ச் மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டி, வெப்பநிலை காட்டும் எச்டபிள்யு இன்ஃபோ மென்பொருளில் கவனியுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட எப்படி ஏறுகிறது என்பதுதான் முக்கியம். முழுச் சுமை கொடுத்த சில விநாடிகளிலேயே 90ஐத் தாண்டினால் பெரும்பாலும் தொடுகைப் பிழை: உரிக்காத தாள், தளர்ந்த ஸ்குரூ, மாறிய பிராக்கெட். மெல்ல மெல்ல ஏறிப் பத்தாவது நிமிடத்தில் அந்த இடத்துக்கு வந்தால் உடனே கூலரைக் குறைசொல்ல வேண்டாம், பெரும்பாலும் கேசிங்குக்குள் சூட்டுக்காற்று தேங்குகிறது. அப்படியென்றால் மூடியைத் திறந்து வைத்தால் எண் இறங்குவதைக் காணலாம். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையின் வலுவான புரொசசர்கள் முழுச் சுமையில் 95 வரை போவது வடிவமைப்பே, பிழையல்ல.

மாரி மாதங்களில் உப்பு ஈரத்தோடு தூசி சேர்ந்து தகடுகளுக்கிடையே அப்பிக்கொள்ளும். மாரிக்கு முன்னும் பின்னும் ஃபேனைக் கழற்றி, காய்ந்த தூரிகையால் தகடுகளைத் தட்டிவிடுங்கள். புளோவர் பிடித்தால் ஃபேன் இதழை விரலால் நிறுத்திக்கொண்டு ஊதுங்கள், கண்டபடி சுழல விட்டால் பெயரிங் போய்விடும்.