அந்தமானுக்கு முதல் பயணமா? ஓட்டல் பார்ப்பதற்கு முன் திதி பாருங்கள்

முதல்முறை போனபோது நீல் தீவின் இயற்கைக் கல் பாலத்தை நான் பார்க்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சாவகாசமாகப் போய் நின்றால், பாலத்துக்குப் போகிற வழி முழுக்க இடுப்பளவு தண்ணீர். "காலையிலேயே வந்திருக்கணும் அண்ணே, இப்போ ஏத்தம்" என்றார் இளநீர்க்காரர். அவரும் தமிழ்தான். ஓட்டலையும் விமானத்தையும் மூன்று மாதம் முன்னாலேயே பதிவு செய்தவன் கடலிடம் மட்டும் கேட்காமல் போய்விட்டேன். அதனால் இந்த விளக்கத்தில் ஓட்டல் கடைசியில்தான் வரும்.

படி 1: வரைபடத்தை விரியுங்கள்

அந்தமான் நிக்கோபாரில் தீவு, திட்டு, பாறை எல்லாம் சேர்த்து 836 என்பது அரசுக் கணக்கு. மக்கள் வாழ்பவை முப்பது சொச்சம்தான். மியான்மரின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கித் தெற்கே நீள்கிறது. அதன் உச்சிகள் தண்ணீருக்கு மேல் தலைநீட்டும் இடங்களே இந்தத் தீவுகள். இந்தியப் புவித்தட்டு இங்கே கிழக்கே உள்ள தட்டுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. பாரன் (Barren) தீவு எரிமலை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் தூங்கிவிட்டு 1991இல் மறுபடி கக்கியதற்கும், 2004 சுனாமிக்கும் மூலம் அதுதான்.

நிக்கோபார், இரண்டு தீவுக்கூட்டங்களையும் பிரிக்கும் பத்து டிகிரி கால்வாய் என்ற கடற்பகுதிக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே போகத் தனி அனுமதி வேண்டும், அதை இப்போது மறந்துவிடலாம். முதல் பயணத்துக்கு மூன்று புள்ளிகள் போதும்: போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல். போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஹேவ்லாக் 2018இல் சுவராஜ் தீவாகவும், நீல் ஷாஹீத் தீவாகவும் மாறின. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் பழைய பெயர் சொல்வார். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கடற்கரையும் எந்தத் திசை பார்க்கிறது என்பதையும் வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள். ஹேவ்லாக்கில் ராதாநகர் மேற்கு, காலாபத்தர் கிழக்கு. நீலில் லட்சுமண்பூர் மேற்கு, சீதாபூர் கிழக்கு. அஸ்தமனமா, உதயமா, எங்கே எப்போது போவது என்ற கேள்வி இதிலேயே முடிந்துவிடும்.

படி 2: கடிகாரத்தைத் திருத்துங்கள்

போர்ட் பிளேர் சென்னைக்குப் பன்னிரண்டரை பாகை தீர்க்கரேகை கிழக்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆக, சூரியன் அங்கே சுமார் 50 நிமிடம் முன்னதாகவே எழுந்து முன்னதாகவே போய்விடும். கடிகாரம் மட்டும் நம்முடையதே. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே அஸ்தமனம். காலை ஐந்தரைக்கு எழுந்து மதியத்துக்குள் கடல் வேலையை முடித்துவிட வேண்டும். பத்து மணிக்கு இட்லி சாப்பிட்டுக் கிளம்புகிறவருக்குப் பாதி நாள் போயிற்று.

படி 3: நாட்காட்டியைக் கிழிக்காமல் பாருங்கள்

மாதம் எளிது: டிசம்பர் பிற்பாதி முதல் ஏப்ரல் வரை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் கடல் கொந்தளிக்கும்.

அந்த மாதங்களுக்குள் எந்த வாரம் என்பதற்குத்தான் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். அந்தமானில் ஒரு நாளில் கடல் இருமுறை ஏறும், அது ஏற்றம்; இருமுறை இறங்கும், அது வற்றம். மறுநாள் அதே ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்த ஓரிரு நாளில், அதாவது பிரதமை, துவிதியையில், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள உயரம் மிக அதிகம். அஷ்டமி, நவமி, தசமியில் மிகக் குறைவு. ஏறி இறங்கும் தண்ணீர் குறைவு என்பதால் அந்த நாட்களில் நீரோட்டமும் மெதுவாகவே இருக்கும். ஊரில் நல்ல காரியத்துக்கு ஆகாதென்று ஒதுக்கிவைக்கும் அஷ்டமி நவமிதான் முதல்முறை முகமூடி போட்டு நீந்துகிறவருக்கு நல்ல நாள். என் மாமியாருக்கு இதை விளக்கி நான் ஜெயிக்கவில்லை.

என் கணக்கு இது. பௌர்ணமி கழிந்த துவிதியை அன்று போர்ட் பிளேரில் இறங்குங்கள். திரிதியை, சதுர்த்தி நீலில்: வற்றம் ஆழமாக இருக்கும், கல் பாலத்தடியில் பாறைக் குட்டைகளில் நட்சத்திர மீனும் நண்டும் தெரியும். பஞ்சமி முதல் அஷ்டமி வரை ஹேவ்லாக்: நீரோட்டம் நாளுக்கு நாள் தணியும். தேய்பிறையாதலால் நிலவு எழ ஒன்பது மணியோ அதற்கு மேலோ ஆகிவிடும். அதற்கு முந்தைய இருட்டில் அலையாத்திக் கால்வாய்களில் துடுப்புப் படகில் போனால், துடுப்பு பட்ட இடமெல்லாம் நுண்ணுயிர்கள் நீலமாக மினுங்கும். வளர்பிறையில் போனால் இந்த இருட்டு கிடைக்காது.

திதி வாரத்தைத்தான் சொல்லும், மணியைச் சொல்லாது. ஏற்ற வற்ற நேரத்தை போர்ட் பிளேருக்கான அட்டவணையில் பாருங்கள், படகுக்காரரிடமும் ஒருமுறை கேளுங்கள்.

படி 4: கப்பல், அப்புறம் விமானம்

சென்னையிலிருந்து விமானம் இரண்டே கால் மணி நேரம். கப்பலும் உண்டு, ஏறத்தாழ மூன்று நாள். முதல்முறைக்கு வேண்டாம். தீவுக்குத் தீவு போகத் தனியார் வேகக் கப்பல்கள், அரசுக் கப்பல்கள் இரண்டும் ஓடுகின்றன. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் வேகக் கப்பலில் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம். காற்று பலமானால் எந்தக் கப்பலும் ரத்தாகலாம். ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் போர்ட் பிளேரில் இருங்கள். இதை மீறிப் படகுத்துறையில் அழுத குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 5: வீட்டிலேயே மூச்சுப் பயிற்சி

ஸ்னார்க்லிங் என்றால் முகத்தைத் தண்ணீரில் வைத்துக் குழாய் வழியே வாயால் மூச்சுவிடுவது, அவ்வளவே. பயம் வருவது மூக்கு அடைபட்டிருப்பதால்தான். போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, டிவி பார்க்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் வாயால் மட்டும் மூச்சு விடுங்கள். பாதிப் பயம் வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

முகமூடியை வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உள்ளே இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அளவு சரி. மீசை அடர்த்தியாக இருந்தால் அந்த இடுக்கில் தண்ணீர் கசியும். கொஞ்சம் வாசலின் தடவலாம், மீசையை எடுக்கச் சொல்ல எனக்கு மனசில்லை. கண்ணாடியின் உட்புறம் எச்சில் தடவிக் கழுவினால் பனி படியாது. லைஃப் ஜாக்கெட்டை நீச்சல் தெரிந்தவரும் போடுங்கள். ஹேவ்லாக்கின் எலிஃபன்ட் பீச் தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. படகிலும் போகலாம், காட்டு வழியாக இரண்டு கிலோமீட்டர் நடந்தும் போகலாம். மழை பெய்திருந்தால் அந்த வழி சேறு, செருப்பு ஒட்டிக்கொள்ளும். பவளப்பாறையில் காலூன்றாதீர்கள். அது உயிர், உங்கள் காலையும் கிழிக்கும்.

படி 6: ஒரே ஒரு ஸ்கூபா

ஸ்கூபா என்றால் காற்றுத் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது. பயிற்சி இல்லாதவரைப் பயிற்றுநர் பிடித்துக்கொண்டு 12 மீட்டருக்கு உட்பட்ட ஆழத்துக்கு அழைத்துப் போவார். பத்து மீட்டர் இறங்கினாலே காதின் மேல் அழுத்தம் இரு மடங்கு. வலி வந்தபின் அல்ல, முதல் மீட்டரிலேயே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள். சளி இருந்தால் அன்று இறங்க வேண்டாம், பணம் போனாலும் சரி. உள்ளே மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள். கட்டைவிரலை உயர்த்தினால் "சூப்பர்" என்று அர்த்தமில்லை, "மேலே போவோம்" என்று பொருள். நம்மவர்கள் மீனைக் கண்டு மகிழ்ந்து கட்டைவிரல் காட்டி, அடுத்த நொடி மேலே வந்து விழிப்பது வழக்கம்.

ஒருமுறை இறங்கினால் விமானம் ஏற 12 மணி நேரம், பலமுறை என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். படி 4இல் சொன்ன கடைசி இரவு இதற்கும் சேர்த்துத்தான்.

படி 7: செய்யக் கூடாதவை

அலையாத்திக் காடும் ஓடைவாயும் உள்ள இடத்தில் நீந்தாதீர்கள். உவர்நீர் முதலை உண்டு. 2010இல் ராதாநகர் அருகே ஒரு வெளிநாட்டுப் பயணி அதற்குப் பலியானார். எச்சரிக்கைப் பலகை அழகுக்கு வைத்ததல்ல.

கரையில் கிடக்கும் பவளத்துண்டைப் பையில் போடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம், விமான நிலையச் சோதனையில் பிடிபடும்.

பாராடாங் சுண்ணாம்புக் குகைக்கு எல்லாரும் கூப்பிடுவார்கள். அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகத்துக்குள்ளே போகிறது. வாகன அணிவகுப்பில் மட்டுமே அனுமதி, படம் எடுப்பது குற்றம். குகை அழகுதான். ஆனால் ஒரு மக்களின் வீட்டு முற்றத்தில் வரிசையாக வண்டி ஓட்டிப் போக எனக்கு விருப்பமில்லை, அதனால் நான் பரிந்துரைப்பதில்லை.

படி 8: இப்போது ஓட்டல்

திதியும் கப்பலும் முடிவான பிறகு அறை எடுங்கள். நீலில் படகுத்துறைக்குப் பக்கம், ஹேவ்லாக்கில் கிழக்குக் கரை வசதி. கையில் ரொக்கம் இருக்கட்டும், தீவுகளில் ஏடிஎம் குறைவு, இணையம் சில வேளை ஒத்துழைக்காது. தேங்காய் எண்ணெய் ஒரு குப்பி எடுத்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் ஈரமணலில் கடிக்கும் மணல் ஈக்கு, காலில் தடவிய எண்ணெயில் ஒட்டிக்கொண்டால் வேலை முடிந்தது. கடித்துவிட்டால் சொறியாதீர்கள், பத்து நாளைக்குத் தழும்பு இருக்கும்.