மலையூருக்குக் குடிபோகும் முன்

பெரம்பூர் வீட்டை அடுத்த மாதம் காலி செய்கிறோம். ஏலகிரியை முடிவு செய்யவே எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

மலையூரை மே மாதத்தில் பார்த்து மயங்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பரில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். நானும் அம்மாவும் கோத்தகிரியில் அப்படி இருந்தோம். கொடியில் போட்ட புடவை நாலு நாளாகியும் காயவில்லை. உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டது, தோல் செருப்பின் வாரில் வெள்ளைப் பூஞ்சை. அம்மாவுக்கு இளைப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் உயரத்தைக் கவனித்தேன்: கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், ஏற்காடு 1,500, ஏலகிரி 1,100.

அடுத்தது ஆஸ்பத்திரி. கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள், வளைவுகளை எண்ணுங்கள். ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏலகிரியில் 14. ராத்திரியில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். ஏலகிரிக்குக் கீழே ஜோலார்பேட்டை ஜங்ஷன் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல், சென்னைக்கு ரயில் கிடைக்கும்.

ஊட்டி, கொடைக்கானல் என்றால் 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். பார்க்க வரும் சொந்தக்காரர்களிடம் சொல்லி வையுங்கள்.

தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டு அம்மாவைக் கேளுங்கள்: "ஏப்ரலில் எத்தனை நாளுக்கு ஒருமுறைங்க வருது?"

நிலம் வாங்குவதை ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். வாங்கும்போது பட்டா, வில்லங்கச் சான்றிதழோடு, அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்பதையும் முதலிலேயே விசாரியுங்கள்.