ஒரு மூடி மண்ணில் அசோட்டோபாக்டர்

காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைப் பிடிக்கும் அசோட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவைக் காண நுண்ணோக்கி வேண்டாம், ஊறுகாய் பாட்டில் மூடி போதும். மண் நுண்ணுயிர்களை ஆராய்ந்த விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி கையாண்ட பழைய முறைதான். எங்கள் பண்ருட்டி அடுப்படிக்குத் தோதாகக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

முதலில் மண். யூரியா படாத இடத்தில், செடியின் வேரோரம் 50 கிராம் எடுத்துச் சலியுங்கள். நான் முந்திரித் தோப்புச் செம்மண் ஒன்று, காட்டுமன்னார்கோயில் சித்தப்பா வயலின் வரப்பு மண் ஒன்று என இரண்டு மூடி வைத்தேன்.

அதில் ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளார், அரை டீஸ்பூன் முட்டை ஓட்டுத் தூள். அசோட்டோபாக்டருக்கு அமில மண் ஆகாது. ஓட்டிலுள்ள சுண்ணாம்பு அதைச் சரிக்கட்டும். சாக்பீஸ் போடாதீர்கள், இப்போது வருவது பெரும்பாலும் ஜிப்சம்.

மாவை மாற்றவே கூடாது. முதல் தடவை நான் கோதுமை மாவைப் போட்டு, மூன்றாம் நாள் நாற்றம் தாங்காமல் அம்மா மூடியோடு தூக்கி எறிந்தார். கோதுமையில் புரதம் உண்டு, புரதத்தில் தழைச்சத்து உண்டு. அது இலவசமாகக் கிடைத்தால் கண்ட கிருமியும் பந்தியில் உட்கார்ந்துவிடும். கார்ன்ஃப்ளார் கிட்டத்தட்ட வெறும் மாவுச்சத்து. தழைச்சத்துக்குக் காற்றுதான் கதி என்றால், அதைப் பிடிக்கத் தெரிந்ததுதான் முதலில் தலைதூக்கும்.

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, சப்பாத்தி மாவைவிடத் தளர்வாகப் பிசைந்து மூடியில் அழுத்துங்கள். ஈரக் கரண்டியின் முதுகால் வழவழவென்று தேய்த்துவிடுங்கள். மேடு பள்ளம் இருந்தால் பிறகு ஒன்றும் தெரியாது. காற்றுப் போக இடம் விட்டு ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, நிழலில் வையுங்கள். நம்மூர்ச் சூடே போதும். காய்ந்தால் தண்ணீர் தெளிக்கலாம்.

மூன்றாம் நாள் மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெந்த ஜவ்வரிசி போலப் பளபளக்கும் கொழகொழத்த சொட்டுகள்! அவைதான் அசோட்டோபாக்டர் கூட்டங்கள். எனக்கு வரப்பு மண்ணில் நிறைய, செம்மண்ணில் ஏழெட்டு. போகப்போகச் சில பழுப்பாகும்.

பார்த்தாயிற்று என்று கொட்டிவிடாதீர்கள். ஏழாம் நாள் என் மூடியில் சொட்டுகளின் விளிம்பைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பூஞ்சை இழைகள். சொட்டுகளுக்கு இடையிலிருந்த மண் வெறுமையாகவே கிடந்தது. சாகும் செல்களிலிருந்து கசியும் தழைச்சத்துதான் அக்கம்பக்கத்துக்குச் சோறு. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையில் அசோட்டோபாக்டருக்கும் பங்கு விடும். அசோட்டோபாக்டர் ஆக்சிஜனை மளமளவென்று தீர்ப்பதால், ஆக்சிஜன் ஆகாத கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாகூட அதன் நிழலில் பிழைக்கலாம்.

முடிந்ததும் மண்ணை எருக்குழியில் கொட்டிவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அப்புறம், அந்த மூடி மறுபடி ஊறுகாய் பாட்டிலுக்குப் போகக் கூடாது.