கரையொதுங்கிய டொல்பினிலிருந்து நோய் மாதிரி எடுக்கும் முறை

கொழும்புக் கரையோரத்தின் வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ ரயில் பாதையைக் கடந்து கடற்கரையில் இறங்கும் எவருக்கும் அங்கு திரியும் நாய்களைத் தெரிந்திருக்கும். இறந்த டொல்பின் ஒன்று கரையொதுங்கினால், ஆராய்ச்சியாளருக்கு முன்னர் அதனிடம் போய்ச் சேருபவை பெரும்பாலும் அவையே. டொல்பின்களைக் கொல்லும் மோர்பிலிவைரஸும், நாய்களின் டிஸ்டெம்பர் வைரஸும், மனிதருக்குச் சின்னமுத்தை உண்டாக்கும் வைரஸும் ஒரே சாதியைச் சேர்ந்தவை என்பதால், அந்த உடலும் அந்த நாய்களும் சேர்ந்தே ஆராயப்பட வேண்டியவை. உயிரியல், கால்நடை மருத்துவ மாணவர்களுக்காக எழுதப்படும் இக்குறிப்பு மணலில் செய்யவேண்டிய வேலையைப் பற்றியது. அங்கு கெட்டுப்போன மாதிரியை எந்த ஆய்வுகூடத்தாலும் திருத்த முடியாது.

இலங்கையில் கடல்வாழ் முலையூட்டிகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. ஆகவே வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து, அனுமதியுடனும் கால்நடை வைத்தியர் ஒருவருடனும் மட்டுமே கத்தியை எடுக்க வேண்டும். மட்டக்குளி காக்கைதீவிலுள்ள நாரா எனப்படும் தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் தகவல் கொடுப்பது நல்லது. விலங்கு உயிரோடிருந்தால் மாதிரி பற்றிய யோசனையே வேண்டாம். ஊதுதுளையில் நீரோ மணலோ புகாதவாறு தோலை ஈரமாக வைத்து, உதவி வரும்வரை கூட்டத்தை விலக்கி நிற்கவும். 2020 நவம்பரில் பாணந்துறையில் நூறு வரையான திமிங்கிலங்கள் கரையேறியபோது, ஊர் மக்களும் கடற்படையினரும் இரவு முழுவதும் நின்று அவற்றுள் பெரும்பாலானவற்றைக் கடலுக்குள் தள்ளிவிட்டனர்.

இறந்த உடலாயின், முதலில் நாய்களையும் காகங்களையும் துரத்தி, சுற்றிக் கயிறு கட்டுங்கள். இரட்டைக் கையுறை, முகக்கவசம், கண்ணாடி, நீண்ட பூட்ஸ் ஆகியவை கட்டாயம். டொல்பின்களில் காணப்படும் புருசெல்லா பற்றீரியா மனிதருக்கும் தொற்றக்கூடியது. பின்னர் உடலின் நிலையை 1 முதல் 5 வரையான அளவில் குறிக்கவும்: உயிருள்ளது 1, அப்போதுதான் இறந்தது 2, ஓரளவு அழுகியது 3, மிகவும் அழுகியது 4, எலும்பாகவோ காய்ந்தோ போனது 5. கொழும்பு வெயிலில் 2 மிக விரைவில் 3 ஆகிவிடும், ஏனெனில் தடித்த கொழுப்புப் படை உடலின் வெப்பத்தை வெளியே விடாது. தோல் புதிதாகத் தோன்றினாலும் உள்ளே ஈரல் கூழாகிக்கொண்டிருக்கலாம்.

மேல்தாடை நுனியிலிருந்து வால்துடுப்பின் நடுப்பிளவு வரையான நேர்க்கோட்டு நீளத்தை அளந்து, இரு பக்கமும் படம் எடுத்த பின்னரே உடலைத் திறக்க வேண்டும். நுரையீரல், நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், மூளை ஆகியவற்றில் முதலில் கைவையுங்கள். குடலை எப்போதும் கடைசிக்கு விடுங்கள், அதன் பற்றீரியா மற்ற எல்லாவற்றையும் மாசாக்கிவிடும். பற்றீரியா வளர்ப்புக்கு எடுப்பதாயின், சூடாக்கிய தட்டைக் கத்தியால் உறுப்பின் மேற்பரப்பைச் சுட்டு, அதன் உள்ளிருந்து பஞ்சுக்குச்சியால் சுவாப் எடுக்க வேண்டும்.

ஒவ்வோர் உறுப்பையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கு, ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்படாத தடிப்பில், தன்னைப்போல் பத்து மடங்கு கனவளவுள்ள, இழையத்தைப் பதப்படுத்தும் 10 சதவீதப் போர்மலினில் இடப்பட வேண்டும். பெரிய துண்டாகப் போட்டால் திரவம் நடுவுக்குச் செல்லுமுன் அது அழுகிவிடும். மறு பங்கு, வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைக்காக ஐஸ் பெட்டியில் வைக்கப்பட்டு, இயன்றளவு விரைவில் மறை 80 பாகை செல்சியஸுக்குச் செல்ல வேண்டும். இரண்டையும் மாற்றிவிடாதீர்கள்: விறைத்த இழையத்தில் கலங்கள் உடைந்திருக்கும் என்பதால் நுணுக்குக்காட்டியில் பயன் குறைவு, போர்மலினோ இந்த வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.யைச் சிதைக்கும். லேபலைப் பென்சிலால் எழுதுங்கள். மை கரைந்துபோன போத்தலைப் பார்த்துத் தலையில் கைவைப்பவர்கள் எல்லா ஆய்வுகூடங்களிலும் உண்டு.

அயலில் உள்ள நாய்களிலிருந்து கால்நடை வைத்தியர் கண்ணிமைச் சவ்வுச் சுவாப்பும் இரத்தமும் எடுக்கலாம். இங்கே உரிமையாளரிடம் கேட்கவேண்டிய மிக முக்கியமான கேள்வி, டிஸ்டெம்பர் தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்பதே. உயிருள்ள வலுக்குறைந்த வைரஸ் கொண்ட தடுப்பூசியின் பின் சில வாரங்களுக்குப் பி.சி.ஆர். தொற்று இருப்பதாகவே காட்டலாம். நீர்ப்பாயத்தில் உள்ள பிறபொருளெதிரியும் தடுப்பூசியால் வந்ததா, நோயால் வந்ததா என்பதைச் சொல்லாது. சந்தேகமிருந்தால் இரண்டு முதல் நான்கு வாரங்களின் பின் மீண்டும் இரத்தம் எடுத்து, பிறபொருளெதிரியின் அளவு நான்கு மடங்கு உயர்ந்துள்ளதா என்று ஒப்பிடவும்.

பெறுபேறு கைக்கு வந்தாலும் அவசரப்பட வேண்டாம். 1988இல் வட கடலில் சுமார் 18,000 சீல்கள் மடிந்தபோது, முதலில் நாய்களின் டிஸ்டெம்பர்தான் என்று கருதப்பட்டது. பின்னரே அது சீல்களுக்குரிய வேறொரு வைரஸ் என்று தெரிந்தது. ஆனால் 2000இல் கஸ்பியன் கடலில் ஆயிரக்கணக்கான சீல்களைக் கொன்றது உண்மையிலேயே நாய்களின் டிஸ்டெம்பர் வைரஸ்தான். எனவே மோர்பிலிவைரஸ் உண்டு என்பதுடன் நிறுத்தாமல், மரபணு வரிசையைப் படித்து எது என்று உறுதிசெய்யவும், போர்மலின் இழையத்தில் அதற்குரிய பாதிப்பு தெரிகிறதா என்றும் பார்க்கவும். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதாயின், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் அனுமதி தேவை, அதற்கான காலத்தையும் கணக்கில் எடுங்கள்.

உடலை ஆழமாகப் புதைத்து, பூட்ஸையும் கருவிகளையும் குளோரின் கரைசலில் கழுவிய பின்னரே பஸ்ஸில் ஏற வேண்டும். வீட்டில் நாய் இருந்தால், அது வாலாட்டிக்கொண்டு ஓடிவந்து கையை நக்குமுன் குளித்து உடை மாற்றிவிடுங்கள்.